சாடையா, உறவா? உவமை, உருவகம், ஆகுபெயர் பிரித்தறிய ஓர் எளிய வழி

காரைக்குடியில் பங்குனி மாதம் கம்பன் விழா நடக்கும். சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் கழகம் நடத்தும் விழா அது. நிறைவு நாள் மட்டும் கம்பன் சமாதி இருக்கும் நாட்டரசன்கோட்டையில். அந்தப் பழக்கத்தாலோ என்னவோ, இந்தப் பக்கத்தில் மளிகைக் கடை வாசலில்கூட ஒரு பாட்டு வரியைச் சொல்லி ரசிக்கிறவர்களைப் பார்க்கலாம். ரசனைக்குக் குறைவில்லை. பெயர் வைப்பதில்தான் குழப்பம். பாட்டில் எது அழகாக இருந்தாலும் ‘என்ன அருமையான உவமை!’ என்பார்கள். கோட்டைக் கொடி கையசைத்தால் உவமை, பிறவியைக் கடல் என்றால் உவமை, ஊரே திரண்டது என்றால் அதுவும் உவமை. கொஞ்சம் படித்தவர்கள் எல்லாவற்றையும் ‘உருவகம்’ என்பார்கள். கல்லூரிப் பிள்ளைகள் ‘மெட்டஃபர்’ என்பார்கள். பெயர்தான் மாறுகிறதே தவிர, எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுவது மாறுவதில்லை.

பள்ளிக்கூடத்துக்கும் இதில் பங்கு உண்டு. அணி இலக்கணம் சொல்லும் தண்டியலங்காரம் பொருளணிகளை மட்டுமே 35 என்று எண்ணுகிறது. அவற்றில் சிலவற்றை ஆளுக்கொரு சூத்திரமும் ஒரு எடுத்துக்காட்டுமாக மனப்பாடம் செய்து, தேர்வில் கொட்டிவிட்டு வந்துவிடுகிறோம். கேட்பவர் மனதில் அந்த அணி என்ன வேலை செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அந்த வேலை தெரிந்துவிட்டால் பெயர் தானாக நினைவில் நிற்கும். 35 அணிகளுக்குள்ளும் இங்கே நுழையப் போவதில்லை. அடிக்கடி ஒன்றோடொன்று குழம்பும் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

சொன்னது ஒன்று, குறித்தது ஒன்று

‘பானையில் பால் பொங்கியது’ என்றால் பால்தான் பொங்கியது. ‘அவனுக்குக் கோபம் பொங்கியது’ என்றால் பானையும் இல்லை, பாலும் இல்லை. முதல் வாக்கியத்தில் சொல் நேர்ப்பொருளில் நிற்கிறது. இரண்டாவதில் சொன்னது ஒன்று, குறித்தது வேறொன்று. நாம் பேசப்போகும் எல்லாமே இந்த இரண்டாவது வகை.

நேர்ப்பொருளில் சொல்கிறேன் என்பதற்கு ஆங்கிலத்தில் ‘லிட்ரலி’ என்று ஒரு சொல் இருக்கிறது. இப்போது அது தலைகீழாகிவிட்டது. ‘சிரிச்சுச் சிரிச்சு லிட்ரலி செத்துட்டேன்’ என்கிறார்கள். செத்தவர் இதைச் சொல்ல வாய்ப்பில்லை. அது உயர்வு நவிற்சி, அதாவது உள்ளதைவிடப் பெரிதாக்கிச் சொல்வது.

சரி, சொன்னதும் குறித்ததும் வேறு வேறு என்று தெரிந்துவிட்டது. அடுத்த கேள்விதான் முக்கியம்: ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கேட்பவர் எப்படிப் போகிறார்? இரண்டையும் இணைப்பது எது?

ஒரு கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்புத் திண்ணையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே வரும் பையன் ஒருவனைப் பார்த்து, ‘யாரப்பா இது, அப்படியே நம்ம சின்னையா சாடையா இருக்கே’ என்கிறார். விசாரித்தால் பையன் வேறு ஊர், சின்னையாவுக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சாடை மட்டும் இருக்கிறது. அடுத்து இன்னொரு பையன் வருகிறான். மூக்கும் முழியும் சின்னையாவைப் போல இல்லவே இல்லை. ஆனால் ‘சின்னையா பேரன்’ என்று சொன்னதும் பெரியவர் நகர்ந்து இடம் கொடுக்கிறார். இங்கே சாடை இல்லை, உறவு இருக்கிறது.

ஒரு ஆளிலிருந்து இன்னொரு ஆளுக்கு மனம் தாவ இப்படி இரண்டு வழிகள். சொற்களும் இதே இரண்டு வழிகளில்தான் பெரும்பாலும் தாவுகின்றன. உவமையும் உருவகமும் சாடை பார்க்கின்றன. ஆகுபெயர் உறவு பார்க்கிறது. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

உவமை: நான்கு உறுப்புகள்

உவமை என்பது ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுக் காட்டுவது. அதற்கு நான்கு உறுப்புகள். எதைப் பற்றிப் பேசுகிறோமோ அது உவமேயம். எதனோடு ஒப்பிடுகிறோமோ அது உவமானம். இரண்டுக்கும் பொதுவான பண்பு பொதுத்தன்மை. ஒப்பிடுவதைக் காட்டும் ‘போல’ முதலிய சொல் உவம உருபு. ‘பவளம் போலச் சிவந்த வாய்’ என்பதில் வாய் உவமேயம், பவளம் உவமானம், சிவப்பு பொதுத்தன்மை, ‘போல’ உருபு.

உருபு ‘போல’ மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. நன்னூல் ‘போல, புரைய, ஒப்ப, உறழ’ என்று தொடங்கிப் பன்னிரண்டைச் சொல்லிவிட்டு, ‘பிறவும்’ என்று கதவையும் திறந்து வைத்திருக்கிறது. பேச்சில் நாம் சொல்லும் ‘மாதிரி’, ‘கணக்கா’ எல்லாம் அந்தக் கதவு வழியாக வந்தவைதாம்.

இந்த நான்கில் உயிர்நாடி பொதுத்தன்மை. பெரும்பாலும் கவிஞர் அதைச் சொல்லாமல் விட்டுவிடுவார், கண்டுபிடிப்பது கேட்பவர் வேலை. தொல்காப்பியம் இந்தப் பொதுத்தன்மை எங்கிருந்து வரலாம் என்பதை ஒரே அடியில் அடக்கிவிட்டது: ‘வினை பயன் மெய் உரு என்ற நான்கே’. வினை என்றால் செயல்: புலி போலப் பாய்ந்தான். பயன் என்றால் விளைவு: மழை போலக் கொடுத்தான். மெய் என்றால் வடிவம்: உடுக்கை போன்ற இடை. உரு என்றால் நிறம்: மேலே பார்த்த பவள வாய்.

இந்த நான்கை வைத்துக்கொண்டு கம்பனிடம் போனால் என்ன கிடைக்கிறது பாருங்கள். சூர்ப்பணகை அழகிய பெண்ணாக உருமாறி இராமன் முன்னால் வருகிறாள்:

‘அஞ்சொலிள மஞ்ஞையென அன்னமென மின்னும்
வஞ்சியென நஞ்சமென வஞ்சமகள் வந்தாள்.’

‘என’ என்ற உருபு நான்கு முறை வருகிறது. மஞ்ஞை என்றால் மயில், சாயலுக்கு. அன்னம் நடைக்கு. வஞ்சிக்கொடி துவளும் உடலுக்கு. இந்த மூன்றும் கண்ணுக்குத் தெரிகிற சாடைகள்: வடிவம், செயல். நான்காவதாக ‘நஞ்சமென’ என்கிறான். நஞ்சுக்கு என்ன சாடை? மயில் போல அதற்கு ஒரு சாயலும் கிடையாது, நடையும் கிடையாது. அது ஒப்பாவது விளைவில், தொல்காப்பியர் சொன்ன ‘பயன்’ என்ற கணக்கில். கண் முதல் மூன்றில் மயங்கிக் கிடக்கும்போது, நான்காவது ஒப்புமை அவள் வந்ததால் என்ன ஆகப்போகிறது என்பதைப் போட்டு உடைக்கிறது. உருபு மாறவில்லை, தாளம் மாறவில்லை, பொதுத்தன்மை மட்டும் சத்தமில்லாமல் கட்சி மாறிவிட்டது. ‘அருமையான உவமை’ என்று சொல்லிவிட்டுக் கைதட்டினால் இந்தத் திருப்பம் கையை விட்டுப் போய்விடும். அதற்காகத்தான் இத்தனை பாடும்.

இராவணன் கலங்கியதைச் சொல்லும் ‘கடன்கொண்டார் நெஞ்சம் போல’ என்ற வரியையும் கேட்டிருப்பீர்கள். கம்பன் வரி என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். கம்பராமாயணத்தில் அப்படி ஒரு வரி இல்லை. அது இருக்கட்டும். கொடுக்கல் வாங்கலில் வாழ்ந்த செட்டிநாட்டில் அந்த உவமைக்கு உரை எழுதவே வேண்டியதில்லை. உவமானம் கேட்பவருக்குப் பழகியதாக இருந்தால்தான் பொதுத்தன்மை சொல்லாமலே விளங்கும் என்பதற்கு அது நல்ல சாட்சி.

கேட்பவருக்கு விளங்காதோ என்று தோன்றினால் கவிஞரே பொதுத்தன்மையை எடுத்து வைப்பதும் உண்டு. திருப்பத்தூர்ப் பக்கம் இருக்கும் மகிபாலன்பட்டிதான் சங்க காலத்துப் பூங்குன்றம் என்பார்கள். கணியன் பூங்குன்றனாரின் ‘யாதும் ஊரே’ எல்லாருக்கும் தெரியும். அதே புறநானூற்று 192ஆம் பாட்டின் நடுவில் உள்ள உவமையைச் சொல்லச் சொன்னால் பலர் விழிப்பார்கள். ‘நீர்வழிப் படூஉம் புணைபோல் ஆருயிர் முறைவழிப் படூஉம்’ என்கிறார். பேராற்று வெள்ளம் இழுத்த வழியே தெப்பம் போவதுபோல, முறை இழுத்த வழியே உயிர் போகிறது. ‘வழிப் படூஉம்’ என்ற பொதுத்தன்மையை இரண்டு பக்கமும் சொல்லிவிட்டார். எந்த இடத்தில் ஒப்பு என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

ஆக, உவமை என்று சொல்ல இரண்டு பொருள்கள் வேண்டும், இரண்டும் தனித்தனியாக நிற்க வேண்டும், நடுவில் ஒரு பொதுத்தன்மை வேண்டும். உருபு சில சமயம் வெளிப்படையாக இருக்கும், சில சமயம் மறைந்திருக்கும்.

உருவகம்: ‘போல’வை எடுத்துவிட்டால் போதுமா?

பரவலான தவறு இங்கேதான். ‘போல இருந்தால் உவமை, போல இல்லாவிட்டால் உருவகம்’ என்று பலர் மனதில் பதிந்திருக்கிறது. பாதிதான் சரி.

‘மதிமுகம்’ என்பதில் ‘போல’ இல்லை. ஆனாலும் அது உவமைதான். மதி போன்ற முகம் என்பதில் உருபு மறைந்து தொகையாகிவிட்டது, அதனால் உவமைத்தொகை என்று பெயர். பேச்சு முகத்தைப் பற்றியது, மதி அதற்கு அடைமொழி. இப்போது திருப்பிப் போடுங்கள்: ‘முகமதி’. முகமாகிய மதி. முகம் மதியைப் போல இருக்கிறது என்ற பேச்சே போய், முகமே மதி ஆகிவிட்டது. இதுதான் உருவகம், அதாவது உவமானமும் உவமேயமும் ஒன்றே என்று சொல்லிவிடுவது. தேன்மொழி உவமை, மொழித்தேன் உருவகம். ‘ஆகிய’ என்ற சொல்லை நடுவில் போட்டுப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

கல்யாண வீட்டுப் பெரியவர் கணக்கில் சொன்னால், ‘சின்னையா சாடை’ என்றது உவமை. அவனைப் பார்த்ததும் எழுந்து ‘வாங்க சின்னையா’ என்று கையைப் பிடித்துக்கொண்டால் அது உருவகம்.

ஒன்றே என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் ஒரு வசதி கிடைக்கிறது. உவமையில் ஒரு பண்பை மட்டும்தான் ஒப்பிடுகிறோம். உருவகத்தில் ஒரு முழு உலகமே கூட வருகிறது. ‘பிறவிப் பெருங்கடல் நீந்துவர்’ என்கிறது குறள். பிறவியைக் கடல் ஆக்கியதும், வாழ்வது நீந்துவது ஆகிவிட்டது, கரை என்று ஒன்று தானாக வந்துவிட்டது, மூழ்கிவிடும் பயமும் வந்துவிட்டது. ‘நீந்தார் இறைவன் அடிசேரா தார்’ என்று முடிகிறது. அந்த அடிதான் தெப்பம் என்று வள்ளுவர் சொல்லவில்லை, ஆனால் நம் மனம் அதை இட்டு நிரப்பிக்கொள்கிறது. ஒரு பாதியை உருவகமாக்கி மறுபாதியைச் சொல்லாமல் விடும் இந்த வகைக்கு ஏகதேச உருவகம் என்று பெயர். ஏகதேசம் என்றால் ஒரு பகுதி.

ஆங்கில வகுப்பில் உவமைக்கு ‘சிமிலி’ என்றும் உருவகத்துக்கு ‘மெட்டஃபர்’ என்றும் சொல்லித்தருகிறார்கள். பொதுவாகப் பொருந்தும். ‘மதிமுகம்’ போன்ற தொகைகள் வரும்போது மட்டும் கவனம் வேண்டும், ஆங்கிலக் கணக்கில் பார்த்தால் அதையும் மெட்டஃபரில் தள்ளிவிடத் தோன்றும்.

உவமேயத்தையே மறைத்துவிட்டால்

இன்னும் ஒரு படி இருக்கிறது. உவமானத்தை மட்டும் சொல்லிவிட்டு, யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையே மறைத்துவிடலாம். இது பிறிதுமொழிதல் அணி.

‘பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம்
சால மிகுத்துப் பெயின்.’

மயிலிறகு ஏற்றிய வண்டிகூட, அளவுக்கு மேல் ஏற்றினால் அச்சு முறியும். வண்டியைப் பற்றிய செய்தியாக மட்டும் இதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இது வலியறிதல் அதிகாரத்தில் இருக்கிறது. எளிய பகைவர்தானே என்று பலரையும் சேரவிட்டால் வலிய அரசனும் முறிந்துபோவான் என்பதுதான் பேச்சு. அரசன் என்ற சொல்லே குறளில் கிடையாது.

நம் பழமொழிகள் பலவும் பயன்படும் இடத்தில் இப்படித்தான் வேலை செய்கின்றன. புதுக் கடை வைக்கக் கைக்காசு முழுவதையும் போடத் துடிக்கும் மகனிடம் ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்று அப்பச்சி சொல்கிறார். அங்கே ஆறும் இல்லை, குளமும் இல்லை. மகனுக்குப் புரிந்துவிடும்.

இதுவரை பார்த்த மூன்றும் ஒரே வம்சம். இரண்டையும் சொல்லி ஒப்பிட்டால் உவமை. இரண்டையும் ஒன்றாக்கினால் உருவகம். ஒன்றை மறைத்து மற்றதை மட்டும் சொன்னால் பிறிதுமொழிதல். மூன்றுக்கும் அடிப்படை சாடைதான்.

ஆகுபெயர்: சாடை இல்லை, உறவு உண்டு

‘வீட்டுக்கு ஆத்தங்குடி போட்டிருக்கிறோம்’ என்கிறார் ஒருவர். ஆத்தங்குடி ஓர் ஊர். ஊரைத் தூக்கித் தரையில் போட முடியாது. அந்த ஊரில் கண்ணாடிப் பலகையின் மேல் சிமெண்டும் மணலும் வண்ணமும் வார்த்துச் செய்யும் பூக்கல்லைத்தான் சொல்கிறார். கல்லுக்கும் ஊருக்கும் ஏதாவது சாடை உண்டா? கிடையாது. ஊரில் செய்வதால் கல்லுக்கு ஊரோடு உறவு. அந்த உறவை வைத்து ஊரின் பெயர் கல்லுக்கு ஆகிவருகிறது. அதனால்தான் ஆகுபெயர். இடத்தின் பெயர் ஆகிவந்ததால் இது இடவாகுபெயர்.

பெரிய வீட்டின் தூண்களைத் தட்டிப் பார்த்து ‘அத்தனையும் பர்மா’ என்பார்கள். பர்மா ஒரு நாடு, தட்டியது தேக்கு. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ‘மதியம் செட்டிநாடு சாப்பிட்டோம்’ என்கிறார்கள், எழுபத்துச் சொச்சம் ஊர்களையும் யாரும் விழுங்கியதில்லை. ‘பள்ளத்தூர் இன்னும் வரலையே, பந்தியை ஆரம்பிக்கலாமா?’ என்று கல்யாண வீட்டில் கேட்டால், பள்ளத்தூர்ச் சம்பந்தி வீட்டாரைத்தான் கேட்கிறார்கள்.

இடம் மட்டும்தான் என்றில்லை. ‘கம்பனைப் படித்தேன்’ என்றால் அவன் எழுதிய நூலைப் படித்தேன்: செய்தவர் பெயர் செய்த பொருளுக்கு ஆகிவந்தது, கருத்தாவாகுபெயர். ‘மல்லிகை சூடினாள்’ என்றால் முழுக் கொடியையும் தலையில் வைத்துக்கொள்ளவில்லை: முழுப்பொருளின் பெயர் அதன் உறுப்புக்கு வந்தது. ‘தலைக்கு நூறு ரூபாய்’ என்றால் உறுப்பின் பெயர் முழு ஆளுக்கு வந்தது. ‘வற்றல் வறுத்தேன்’ என்பதில் வற்றுதல் என்ற தொழிலின் பெயர் வற்றிய காய்க்கு வந்தது.

செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரின் கணக்குவழக்கில் இதற்கு அழகான காட்சிகள் இருக்கின்றன. மணமான ஒருவரின் குடும்பம் கோயில் கணக்கில் ஒரு ‘புள்ளி’. ‘உங்க ஊரில் எத்தனை புள்ளி?’ என்றால் எத்தனை குடும்பம் என்று அர்த்தம். தொழில் செய்த குடும்பங்களுக்கு முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்த ‘விலாசம்’ ஒன்று இருந்தது. ‘அந்த விலாசத்துக்கு ரங்கூனில் கடை இருந்தது’ என்பார்கள். மூன்று நான்கு எழுத்துகள் கப்பலேறிப் போய்க் கடை வைக்கவில்லை, அந்த எழுத்துகளுக்குரிய குடும்பம் வைத்தது.

நன்னூல் ஆகுபெயருக்குச் சொல்லும் இலக்கணத்தில் இரண்டு சொற்கள் கவனிக்கத்தக்கவை. ‘ஒன்றன் பெயரான் அதற்கியை பிறிதைத் தொன்முறை உரைப்பன’ என்கிறது. ‘இயை பிறிது’ என்றால் அதோடு இயைந்த, அதாவது சம்பந்தப்பட்ட வேறொன்று. நாம் உறவு என்று சொன்னது இதைத்தான். ‘தொன்முறை’ என்றால் வழிவழியாக வந்த வழக்கு. நான் இன்றைக்கு நினைத்தபடி ஒரு உறவை வைத்து ஒரு பெயரை மாற்றிச் சொன்னால் ஊர் ஏற்காது. ஆத்தங்குடி என்றால் கல் என்பது நிலைத்துவிட்டது. அதே ஆத்தங்குடியில் விளைந்த கத்தரிக்காயை ‘ஒரு கிலோ ஆத்தங்குடி கொடு’ என்று கேட்டால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். உவமை புதிதாக இருந்தால் பாராட்டு கிடைக்கும். ஆகுபெயர் பழகியதாக இருந்தால்தான் செல்லும். இந்த வித்தியாசத்தைப் பாடப்புத்தகங்கள் இன்னும் அழுத்திச் சொல்லலாம் என்பது என் எண்ணம்.

இவ்வளவு எளிமையான ஒன்று ஏன் உருவகத்தோடு குழம்புகிறது? நம் நூல்கள் ஆகுபெயரைச் சொல்லதிகாரத்தில் பெயர்ச்சொல்லோடு வைத்துவிட்டன. உவமையும் உருவகமும் அணியிலக்கணத்தில் இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் சந்தர்ப்பம் மாணவருக்குக் கிடைப்பதில்லை. ஆங்கிலத்தில் ஆகுபெயருக்கு நெருக்கமானதை ‘மெட்டானமி’ என்று சொல்லி மெட்டஃபருக்குப் பக்கத்திலேயே வைத்துப் பேசுகிறார்கள். அந்த வைப்பு முறை நமக்கும் உதவும்.

சோதனை ஒன்றுதான். ‘போல’வைச் செருகிப் பாருங்கள். ‘முகமதி’யில் மதி போன்ற முகம் என்று ஓடும். ‘ஆத்தங்குடி போன்ற கல்’ என்றால் அர்த்தமே கெட்டுவிடும். ‘போல’ ஓடினால் சாடை, ஓடாவிட்டால் உறவு.

கொடி ஏன் கையசைத்தது?

கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகிறார்கள். கோட்டை மதிலின் மேல் கொடிகள் காற்றில் ஆடுகின்றன. சிலப்பதிகாரம் அதை ‘வாரல் என்பனபோல் மறித்துக் கை காட்ட’ என்கிறது. வராதீர்கள் என்று மறித்துக் கைகாட்டுவதுபோல ஆடின. இது தற்குறிப்பேற்ற அணி: இயல்பாக நடக்கும் ஒன்றின் மேல் கவிஞர் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வது.

‘போல்’ இருக்கிறதே, உவமைதானே என்று கேட்கலாம். நம் சோதனையில் ‘போல’ ஓடுவதும் உண்மைதான். ஆனால் இங்கே கொடியை இன்னொரு பொருளோடு ஒப்பிட்டு நிறுத்தவில்லை. கொடி ஆடியதற்குக் காற்று என்ற உண்மைக் காரணம் ஒன்று இருக்க, அதை ஒதுக்கிவிட்டுக் கவிஞர் வேறொரு காரணத்தைக் கற்பிக்கிறார். இங்கே ஏறிக்கொள்வது ஒரு காரணம், ஒரு நோக்கம். அதனால் வெறுமனே ‘காற்று பாடியது’ என்று சொல்வதெல்லாம் தற்குறிப்பேற்றம் ஆகிவிடாது. ஏன் என்ற கேள்விக்குக் கற்பனையாக ஒரு பதில் இருக்க வேண்டும்.

புகழ்ச்சியா, இகழ்ச்சியா?

சாடையும் உறவும் இல்லாமல், நேர் எதிர்ப்பக்கம் தாவும் வழியும் உண்டு. புகழ்வதுபோல் இகழ்வதும் இகழ்வதுபோல் புகழ்வதும் வஞ்சப்புகழ்ச்சி.

‘தேவர் அனையர் கயவர் அவருந்தாம்
மேவன செய்தொழுக லான்.’

கயவர் தேவரைப் போன்றவர்கள், ஏனென்றால் அவர்களும் மனம்போனபடிதான் நடக்கிறார்கள். ‘அனையர்’ என்பதால் இதில் உவமையும் இருக்கிறது. அந்த உவமையே ஏளனத்துக்குக் கருவியாகிறது. ஒரு பாட்டில் ஒரு அணிதான் இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

இதன் மறுபக்கத்தைக் கம்பனின் கோசல நாட்டில் பார்க்கலாம். ‘வண்மை இல்லை ஓர் வறுமை இன்மையால்’ என்று தொடங்குகிறான். அந்த நாட்டில் கொடைக்குணம் இல்லையாம். அடடா என்று நினைப்பதற்குள், வாங்குவதற்கு ஏழை ஒருவர்கூட இல்லாததால் என்று முடித்துவிடுகிறான். குறை சொல்வதுபோல ஆரம்பித்த வரி, முடியும்போது பெரிய புகழாகிவிடுகிறது.

இதற்கு ஆங்கிலத்தில் உள்ள ‘ஐரனி’ என்ற சொல்லைத் தற்செயலுக்கெல்லாம் போட்டுவிடுகிறார்கள். தேவகோட்டைக்குப் போன இடத்தில் பழைய நண்பரைப் பார்த்தால் அது தற்செயல். சிக்கனத்தைப் பற்றி ஆடம்பர மண்டபத்தில் விடிய விடியக் கூட்டம் போட்டால் அது ஐரனி. எதிர்பார்ப்பும் நடப்பும் ஒன்றுக்கொன்று முரணாக நிற்க வேண்டும், அப்போதுதான் அந்தச் சொல் பொருந்தும்.

ஒலியால் தாவுவது

கடைசி வழி ஒலி. ஒரே தொடர் இரண்டு பொருள் தரும்படி வேண்டுமென்றே அமைப்பது சிலேடை. காளமேகப் புலவர் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் பாடிவிட்டார். பாம்பு ஆடிவிட்டுக் குடத்தில் அடையும். எள் செக்கில் ஆடி எண்ணெயாகிக் குடத்தில் அடையும். மூடியைத் திறந்தால் பாம்பு முகத்தைக் காட்டும், எண்ணெயில் நம் முகம் தெரியும். ‘பிண்ணாக்கு’ என்றால் பாம்புக்குப் பிளந்த நாக்கு, எள்ளுக்குச் செக்கில் மிஞ்சும் சக்கை. பாம்புக்கும் எள்ளுக்கும் சாடையும் கிடையாது, உறவும் கிடையாது. சொற்கள் ஒன்றாக ஒலிப்பது மட்டும்தான் பாலம்.

வேண்டுமென்றே செய்தால் சிலேடை, தெரியாமல் நடந்தால் குழப்பம். ஆங்கிலம் எழுதும் நம் மாணவர்களைப் படுத்தும் சொற்கள் பல இந்த இரண்டாம் வகை. ‘பிரின்சிபல்’ என்றால் கல்லூரி முதல்வரும் உண்டு, கொள்கையும் உண்டு. ‘ஸ்டேஷனரி’ என்றால் அசையாமல் நிற்பதும் உண்டு, பேனா பென்சில் வகையும் உண்டு. ஒலி ஒன்று, எழுத்துக்கூட்டல் வேறு. ‘லூஸ்’ என்பதைத் தளர்வு என்ற பொருளில் மென்மையான ஈற்றொலியோடும், இழத்தல் என்ற பொருளில் அதிர்வுள்ள ஈற்றொலியோடும் சொல்ல வேண்டும். ‘அட்வைஸ்’ என்பதிலும் அறிவுரை என்ற பெயருக்கும் அறிவுரை சொல் என்ற வினைக்கும் அதே வித்தியாசம். தமிழில் அந்த இரண்டு ஒலிகளையும் ‘ஸ்’ என்று ஒரே எழுத்தால் எழுதி, ஒன்றுபோலவே சொல்லிப் பழகிவிட்டோம். காதில் வேறுபாடு விழாததால்தான் கையில் தப்பு வருகிறது. ‘அஃபெக்ட்’, ‘எஃபெக்ட்’ இரண்டுக்கும் ஒரு சுருக்கு வழி சொல்லலாம். பெரும்பாலும் முன்னது வினை, பாதிப்பது. பின்னது பெயர், விளைவு.

ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்போம்

‘மதிமுகத்து ஆச்சி வாய் திறந்தால் கானாடுகாத்தானே காது கொடுக்கும், அவர் சொற்பூக்களை அள்ளிக்கொண்டு போகவே காற்று வாசலில் காத்துக் கிடக்கும்.’

கொஞ்சம் அலங்காரம் தூக்கலான வாக்கியம்தான், பயிற்சிக்குத்தானே. மதிமுகம்: ‘போன்ற’ என்று விரியும், பேச்சு முகத்தைப் பற்றியது, எனவே உவமைத்தொகை. கானாடுகாத்தான்: ஊருக்குக் காது கிடையாது, ஊரில் உள்ளவர்களுக்கு உண்டு. ‘போல’ ஓடாது. இடவாகுபெயர். சொற்பூ: ‘ஆகிய’ என்று விரியும், சொல்லாகிய பூ, உருவகம். பூவாக்கிவிட்டதால்தான் ‘அள்ளிக்கொண்டு’ என்ற வினை கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. வாசல் வழியாகக் காற்று இயல்பாக வீசுகிறது, அதற்கு ‘அள்ளிக்கொண்டு போக’ என்று ஒரு நோக்கம் கற்பிக்கப்பட்டிருக்கிறது. தற்குறிப்பேற்றம். ‘ஊரே’ காது கொடுக்கும் என்பதில் உயர்வு நவிற்சியும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போக மாட்டேன். ஆச்சி உண்மையிலேயே நன்றாகப் பேசுவாரா, அல்லது இது முழுக்க வஞ்சப்புகழ்ச்சியா என்பதை மட்டும் வாக்கியத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதற்குக் கானாடுகாத்தானில்தான் விசாரிக்க வேண்டும்.